புல்லட் மோட்டார் சைக்கிளின் டேப்பெட் சரிசெய்தல்

டேப்பெட் சரிசெய்தல் என்பது, நான்கு வீச்சு எஞ்சினின் வால்வுகளை (ஓரதர்களை) இயக்கும் உறுப்புகளுக்கு இடையே இருக்கவேண்டிய மிகச் சிறிய இடைவெளியைச் சோதித்து, உரிய அளவில் அமைக்கும் பராமரிப்பு வேலையாகும். கேம் எனப்படும் நெம்புருளின் மீது அமர்ந்து மேலும் கீழும் செல்லும் உறுப்பின் பெயரே டேப்பெட். எனினும் பட்டறை வழக்கில் வால்வு இடைவெளி தொடர்பான வேலை முழுவதும் "டேப்பெட் அடஜஸ்ட்மெண்ட்" என்றே வழங்குகிறது. இக்கட்டுரை வார்ப்பிரும்பு உருளை கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியில் இவ்வேலை செய்யப்படும் முறையை விளக்குகிறது. வீட்டிலேயே, சில ஸ்பேனர்களைக் கொண்டு பழகக்கூடிய வேலைகளுள் இதுவும் ஒன்று. ஆனால் தவறாகச் செய்தால் எஞ்சினின் வெளியேற்று வால்வே எரிந்துபோகக்கூடும்.

வரலாறு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955 இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை உருவாக்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அமைந்த தொழிற்சாலையில் புல்லட் 350 தயாரிக்கப்பட்டது. ரெட்டிச் ஆலை 1967 இல் மூடப்பட்ட பின்னரும், அதே அடிப்படை வடிவமைப்பிலான எஞ்சின் திருவொற்றியூரில் 2000களின் இறுதிவரை தொடர்ந்து தயாரானது. அதன் உருளையின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டனின் வீச்சு நீளம் 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. ஆகும். உருளை வார்ப்பிரும்பாலும், அதன் தலைப்பகுதி அலுமினியக் கலவையாலும் ஆனவை.

தமிழ்நாட்டில் 1980களிலும் 1990களிலும் பரவலாக ஓடிய யெஸ்டி, ராஜ்தூத், யமஹா ஆர்எக்ஸ் 100 ஆகியவை இரு வீச்சு எஞ்சின் கொண்டவை. அவற்றில் கேமும் இல்லை, டேப்பெட்டும் இல்லை. ஆகையால் அவ்வண்டிகளில் பழகிய பலருக்கு, புல்லட் வாங்கிய பிறகே இவ்வேலை அறிமுகமானது.

இயங்கும் முறை

எஞ்சினின் வலப்புறத்தில், பற்சக்கரங்களால் சுழற்றப்படும் இரண்டு கேம்கள் உள்ளன. ஒன்று உள்ளிழு வால்வுக்கும் மற்றொன்று வெளியேற்று வால்வுக்கும் உரியது. கேமின் மேடான பகுதி டேப்பெட்டை உயர்த்துகிறது. டேப்பெட் புஷ்ராடு எனும் நீண்ட தண்டை உயர்த்த, அது உருளையின் தலையிலுள்ள ராக்கர் எனும் நெம்பின் ஒரு முனையைத் தள்ளுகிறது. ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. கேமின் மேடு கடந்தவுடன் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. கேம்கள் எஞ்சினின் பாதி வேகத்தில் சுழல்வதால், எஞ்சின் இரண்டு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒருமுறை மட்டுமே திறக்கும்.

வால்வு மூடியிருக்கும் நேரத்தில் இத்தொடரின் எந்த உறுப்பும் அதனை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. வெளியேற்று வால்வின் தலை, ஓட்டத்தின்போது 600 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அவ்வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு தன் இருக்கையின் மீது முழுமையாகப் படிந்திருக்கும் கணங்களில் அவ்விருக்கை வழியாகவே வெளியேறுகிறது. புஷ்ராடு இறுக்கமாக இருந்தால் வால்வு ஒரு மயிரிழை திறந்தே நிற்கும். அப்போது வெப்பம் வெளியேற வழி குறைகிறது. அவ்விடுக்கின் வழியே எரியும் வாயு பாய்ந்து வால்வின் விளிம்பை அரிக்கிறது. பட்டறைகளில் "வால்வு எரிந்துவிட்டது" என்று சொல்லப்படுவது இதுவே.

இடைவெளி அதிகமாக இருந்தாலும் கேடு உண்டு. வால்வு சற்றுத் தாமதமாகத் திறந்து சற்று முன்னதாக மூடுவதால் இழுவை குறையும்; உறுப்புகள் மோதித் தேயும்; டிக் டிக் என்ற ஒலி கேட்கும். ஆயினும் இவ்விரண்டு கேடுகளும் ஒத்தவை அல்ல. தளர்ந்த டேப்பெட் ஓசையிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறுகிய டேப்பெட்டோ ஓசையின்றி இருக்கும். வண்டி அமைதியாகிவிட்டது என்று உரிமையாளர் மகிழ்ந்திருக்கும் நாட்களில்தான் வால்வு எரியத் தொடங்குகிறது.

"சுழி" என்ற அளவு

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இவ்விடைவெளி மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குகளாகக் குறிப்பிடப்பட்டு, ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய எஃகுத் தகடுகளால் அளக்கப்படுகிறது. பழைய புல்லட்டின் கையேடு அவ்வாறு எண் எதனையும் தருவதில்லை. எஞ்சின் குளிர்ந்த நிலையில் இடைவெளி சுழியாகவோ அதற்கு மிக அருகிலோ இருக்கவேண்டும் என்பதே அதன் கூற்று. வெப்பத்தால் உருளையும் அதன் தலையும் விரிவடைந்து உயர்வதால், இந்தச் சுழி இடைவெளி ஓட்டத்தின்போது இறுக்கமாக மாறுவதில்லை.

சுழி என்பதை இறுக்கம் என்று புரிந்துகொள்வதே புதிதாகப் பழகுவோர் செய்யும் முதற்பிழை. புஷ்ராடை இரு விரல்களால் பிடித்துத் திருப்பினால் அது தடையின்றிச் சுழல வேண்டும். அதே தண்டை மேலும் கீழும் அசைத்தால் உணரத்தக்க ஆட்டம் இருக்கக் கூடாது. இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தும் நிலையே சுழி. இங்கே அளவுகோல் விரல்தான். அதனாலேயே இவ்வேலையைப் படித்து அறிவதைக் காட்டிலும் தொட்டு அறிவது எளிது.

மேல் நிலைப்புள்ளியைக் காணுதல்

இரு வால்வுகளும் முழுமையாக மூடியிருக்கும் நிலையில், அதாவது அமுக்க வீச்சின் முடிவில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, இடைவெளி சோதிக்கப்படுகிறது. வண்டி முந்தைய இரவே நிறுத்தப்பட்டு எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நான்காம் கியரில் இட்டுப் பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடியிருந்தால், அமுக்க வீச்சின்போது காற்று விரலைத் தள்ளுவதை உணரலாம். அதன் பின்னர் மெல்லிய நீண்ட குச்சி ஒன்றைத் துளையில் நிறுத்தி, அது ஏறி நிற்கும் உச்சியைக் கண்டுகொள்ளலாம். குச்சி ஒடிந்து உள்ளே விழாதபடி கையில் பிடித்திருத்தல் அவசியம்.

காண்டாக்ட் பாயிண்டு கொண்ட புல்லட்டுகளில் இன்னொரு வழியும் உண்டு. விளக்குகளை அணைத்து, சாவியைத் திருப்பி, எஞ்சினை மெல்லச் சுழற்றினால் அம்மீட்டரின் முள் பாயிண்டு மூடியிருக்கும்போது இறக்கப் பக்கம் சாய்ந்தும், பாயிண்டு திறந்தவுடன் நடுவுக்குத் திரும்பியும் நிற்கும். பாயிண்டும் எஞ்சினின் பாதி வேகத்தில் இயங்குவதால், முள் நடுவுக்குத் திரும்பும் கணத்தில் பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சிக்கு மிக அருகில் இருக்கும். புல்லட்டை உதைத்துக் கிளப்பும் முன் முள்ளைப் பார்க்கும் வழக்கம் இதனால் வந்ததே. இடத்தைக் கண்டவுடன் சாவியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் இக்னிஷன் காயில் சூடேறுவதுடன் மின்கலமும் இறங்கிப்போகும்.

பிஸ்டன் உச்சிக்கு வரும் தருணம் இரண்டு சுற்றுகளில் இருமுறை நேர்கிறது. வெளியேற்று வீச்சின் முடிவிலும் அது உச்சியில் நிற்கும். அப்போது இரண்டு வால்வுகளும் சற்றே திறந்திருப்பதால் புஷ்ராடுகள் சுழலாமல் இறுகி நிற்கும். இதனை அறியாமல், தண்டு சுழலும்வரை தளர்த்திவிடுபவர் மிகப் பெரிய இடைவெளியை உருவாக்கிவிடுகிறார். வண்டி கிளம்பியவுடன் எழும் பேரோசை அதை உணர்த்திவிடும். சரியான உச்சியில் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிது அசைத்தாலும் இரு தண்டுகளும் உயர்வதில்லை. இது ஓர் எளிய சோதனை.

செய்முறை

உருளையின் அடிப்பகுதியில் வலப்புறம் ஒரு சிறு மூடி உள்ளது. அதன் மறையைக் கழற்றினால் இரு புஷ்ராடுகளின் அடிமுனைகளும் தெரியும். திறந்த அறையின் அடியில் ஒரு துணியை இடுதல் நல்லது. எந்தத் தண்டு எந்த வால்வுக்கு உரியது என்பதில் ஐயம் இருந்தால், அமுக்க உச்சியிலிருந்து எஞ்சினை முன்னோக்கிச் சுழற்றிப் பார்க்கலாம். முதலில் உயர்வது வெளியேற்று வால்வின் தண்டு.

ஒவ்வொரு தண்டின் அடியிலும் மூன்று அறுகோணப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. நடுவில் இருப்பது பூட்டு மறை. அதைத் தளர்த்தியபின், மேலுள்ள பகுதியை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு கீழுள்ளதைத் திருகினால் தண்டின் மொத்த நீளம் கூடும் அல்லது குறையும். நீளம் கூடினால் இடைவெளி குறையும். இடம் மிகக் குறுகியது என்பதால் மெல்லிய ஸ்பேனர்களே உள்ளே செல்லும். தடித்த ஸ்பேனரை நுழைக்க முயன்று அறுகோண முனைகளை மழுங்கடித்த வண்டிகள் பல.

பழகுவோருக்கு ஏற்ற முறை ஒன்று உண்டு. முதலில் வேண்டுமென்றே நீளத்தைக் குறைத்து, தண்டு மேலும் கீழும் தட்டுவதை விரலால் உணர வேண்டும். பிறகு சிறிது சிறிதாக நீட்டி, தண்டு சுழல மறுக்கும் நிலையையும் அறிய வேண்டும். இவ்விரு எல்லைகளும் விரலுக்குப் பழகிய பின், அவற்றின் இடையே தட்டல் மறைந்து சுழற்சி மட்டும் எஞ்சும் இடத்தைத் தேடலாம். முதன்முறை இதற்கே ஒரு மணி நேரம் ஆகக்கூடும்.

பூட்டு மறையை இறுக்கும்போது அமைத்த அளவு மாறிவிடுவது இயல்பு. மறை இறுகுகையில் திருகுப்புரிகளின் இடையிலுள்ள தளர்ச்சி ஒரு பக்கமாக நீங்கி, தண்டின் நீளம் சற்றே மாறுகிறது. சரியாக இருந்த இடைவெளி இறுக்கமாகிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே இறுக்கிய பின்னரும் சுழற்றிப் பார்க்க வேண்டும். மாறியிருந்தால் மீண்டும் தளர்த்தி அமைக்க வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக்குகள் இம்மாற்றத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சற்றுத் தளர்வாக அமைத்து இறுக்குவர். இரண்டு தண்டுகளும் முடிந்தபின் எஞ்சினை முழுதாகச் சில முறை சுழற்றி, மீண்டும் அமுக்க உச்சிக்குக் கொணர்ந்து, இறுதியாக ஒருமுறை சோதித்தல் வேண்டும். ஐயம் இருந்தால் வெளியேற்று வால்வைச் சற்றுத் தளர்வாகவே விட்டுவிடலாம். சிறிது ஓசையுடன் ஓடும் புல்லட்டுக்கு அதனால் பெரிய தீங்கில்லை.

மூடியைப் பொருத்தும்போது அதன் கேஸ்கெட்டைக் கவனிக்க வேண்டும். மறையை மிகையாக முறுக்கினால் மூடி வளைந்து எண்ணெய் கசியும்.

ஒலியும் அறிகுறிகளும்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது காதால் கேட்டு டேப்பெட்டைச் சரிசெய்யும் வழக்கம் சில பட்டறைகளில் காணப்படுகிறது. ஓசை நிற்கும்வரை நீட்டுவதே அம்முறை. அது இடைவெளியை இறுக்கத்தின் பக்கமே கொண்டுசெல்லும் என்பதால் விரும்பத்தக்கதன்று. மேலும் புல்லட்டின் எல்லாத் தட்டலும் டேப்பெட்டிலிருந்து வருவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் உருளைச் சுவரில் மோதும் ஒலி, எஞ்சின் சூடேறியதும் குறைந்துவிடும். அதை டேப்பெட் என்று கருதி மூடியைத் திறப்பது வீண்.

இறுகிய வால்வின் அறிகுறிகள் வேறு. சூடான எஞ்சின் நிறுத்தியபின் மீண்டும் எளிதில் கிளம்பாது. மெல்லோட்டம் சீராக நிற்காது. உள்ளிழு வால்வு கசிந்தால் கார்புரேட்டர் வழியாகவும், வெளியேற்று வால்வு கசிந்தால் சைலன்சர் வழியாகவும் வெடியொலி கேட்கும். உதைகோலின் மீது உடல் எடையைச் செலுத்திப் பார்ப்பதும் வழக்கம். நல்ல எஞ்சினில் அமுக்கக் காற்று அதைச் சில நொடிகள் தாங்கி நிற்கும். உதைகோல் உடனே கீழிறங்கினால் எங்கோ கசிவு உள்ளது. அது பிஸ்டன் வளையங்களாகவும் இருக்கலாம். டிகம்ப்ரஷர் கம்பி தளர்ச்சியின்றி இழுபட்டிருப்பதாலும் இருக்கலாம். கம்பியைச் சோதிப்பது எளிது என்பதால் அதிலிருந்து தொடங்குவது முறை.

ஒவ்வொரு சோதனையிலும் வெளியேற்று வால்வு மட்டும் இறுகியே காணப்பட்டால், வால்வு தன் இருக்கையில் மெல்ல அமிழ்ந்து வருகிறது என்று பொருள். வால்வு அமிழ்ந்தால் அதன் தண்டு உயர்ந்து ராக்கரை நெருங்கும். அந்நிலையில் டேப்பெட்டைத் தளர்த்துவது தற்காலிகத் தீர்வே. தலையைக் கழற்றி வால்வையும் இருக்கையையும் பார்க்க வேண்டும்.

பிற எஞ்சின்களில்

கேம் உருளையின் தலையிலேயே அமைந்த சிறு நான்கு வீச்சு எஞ்சின்களில், அதாவது 1985 இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 முதலியவற்றில், ராக்கரின் முனையிலுள்ள திருகாணியும் பூட்டு மறையும் இவ்வேலைக்கு உதவுகின்றன. அங்கே ஃபீலர் கேஜ் இன்றியமையாதது. தகடு இலேசான இழுப்புடன் உருவி வர வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு 2000களின் இறுதியில் யுசிஇ எனும் எஞ்சினை அறிமுகப்படுத்தியபோது, எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே ஈடுசெய்யும் ஹைட்ராலிக் டேப்பெட்டுகள் புல்லட்டுக்கு வந்தன. அவ்வெஞ்சினுக்கு இவ்வேலையே இல்லை. அதன் 500 கன செ.மீ. வடிவம் 2020 இலும், 350 கன செ.மீ. வடிவம் 2023 இலும் நிறுத்தப்பட்டன. 2023 இல் வெளிவந்த புதிய புல்லட் 350, கேம் தலையில் அமைந்த எஞ்சின் கொண்டது. அதில் வால்வு இடைவெளி மீண்டும் ஃபீலர் கேஜ் கொண்டு கையால் அமைக்கப்படுகிறது.