மைக்ரோபிட்

மைக்ரோபிட் என்பது 11, 12 வயது மாணவர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க, பிரித்தானியாவின் பிபிசி பல நிறுவனங்களுடன் சேர்ந்து உருவாக்கிய சிறு கணினிப் பலகை. 2016 மார்ச் முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் இலவசமாக வழங்கப்பட்டது. ஏறத்தாழ 10 லட்சம் பலகைகள். பள்ளி அலமாரியில் பூட்டி வைப்பதற்கல்ல, மாணவர் வீட்டுக்கே எடுத்துச் செல்வதற்காகக் கொடுக்கப்பட்டவை.

பிபிசி இதில் இறங்கியது முதல் முறை அன்று. 1981இல் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் செய்த 'பிபிசி மைக்ரோ' கணினி பள்ளிகளுக்குள் நுழைந்து, ஒரு தலைமுறையை பேசிக் மொழியில் நிரல் எழுத வைத்தது. (அதே ஏகார்னில் பிறந்த ஆர்ம் செயலியின் வழித்தோன்றல்தான் மைக்ரோபிட்டுக்குள்ளும் இருக்கிறது.) பின்னாளில் கணினிப் பாடம் கடிதம் தட்டச்சு செய்வதும் ஸ்லைடு தயாரிப்பதுமாகச் சுருங்கிப்போனது. பிரித்தானிய அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் 2012 அறிக்கை இதைக் கடுமையாகக் குறை கூறியது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்தில் புதிய கணினிப் பாடத்திட்டம் வந்தது. 11 முதல் 14 வயதுக்குள் குறைந்தது இரண்டு நிரல்மொழிகள், அவற்றில் ஒன்றாவது எழுத்து வடிவிலானது என்பது அதன் விதி.

பலகை தீப்பெட்டியை விடச் சற்றே பெரியது. முன்பக்கம் ஐந்துக்கு ஐந்தாக 25 சிவப்பு விளக்குகள், ஏ, பி என்று இரு பொத்தான்கள். அசைவை உணரும் முடுக்கமானி, திசைகாட்டி, கம்பியில்லாத் தொடர்பு (ரேடியோ) ஆகியவையும் உண்டு. விளிம்பில் உள்ள துளைகளில் கிளிப் மாட்டி வெளிக்கருவிகளை இணைக்கலாம். மேக்கோட் தளத்தில் கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தியோ, பைத்தானில் எழுதியோ நிரலைச் செய்யலாம். யு.எஸ்.பி. கேபிளில் இணைத்தால் கணினியில் பென் டிரைவ் போலத் தெரியும். நிரல் கோப்பை அதில் போட்டால் போதும். பிறகு கேபிளைக் கழற்றி, இரண்டு பேட்டரியில் ஓட்டலாம்.

பலகையின் பலம் அதன் போதாமையில்தான் இருக்கிறது. நடையை எண்ணும் கருவியை எடுத்துக்கொள்வோம். அசைந்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு, அதைக் காட்டு என்பதுதான் நிரல். ஷூவில் கட்டி நடந்தால் சில அடிகள் விட்டுப்போகும், சில இரட்டிப்பாகும். ஒன்பதைத் தாண்டியதும் எண் ஒரே பார்வையில் தெரியாமல் பக்கவாட்டில் நகர்ந்து ஓடும். எவ்வளவு அசைவை ஓர் அடி என்று கொள்வது? இந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை, மாணவருக்கே எழும். ரேடியோப் பாடத்தில் இன்னும் வேடிக்கை. வகுப்பு முழுதும் ஒரே குழு எண்ணை இட்டால், ஒருவர் அனுப்பும் செய்தி எல்லார் பலகையிலும் வந்து விழும். வலைத்தொடர்பில் முகவரி எதற்கு என்பது அந்தக் கூச்சலிலேயே விளங்கிவிடும்.

குறை பலகையில் இல்லை, வழங்கிய விதத்தில் இருந்தது. 2015 இலையுதிர்காலத்துக்குத் திட்டமிட்டது தள்ளிப்போய், பலகைகள் மாணவர் கைக்கு வரும்போது கல்வியாண்டு முடிய சில மாதங்களே இருந்தன. நேற்றுவரை ஸ்லைடு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் பலகையோடு பழகவே அவகாசம் போதவில்லை. பெண் பிள்ளைகளை ஈர்ப்பதும் பலகையால் மட்டும் ஆகிற காரியமல்ல. இடைவெளி பெரிது: 2017இல் இங்கிலாந்தின் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இயில் கணினி அறிவியல் எழுதியவர்களில் மாணவியர் ஐந்தில் ஒரு பங்குதான். கருவிக்குச் செலவிடுகிற அரசுகள் ஆசிரியர் பயிற்சிக்கும் அதே அக்கறையைக் காட்டாதவரை இக்கணக்கு பெரிதாக மாறப்போவதில்லை.

2016இல் இலாப நோக்கற்ற மைக்ரோபிட் கல்வி அறக்கட்டளை தொடங்கப்பட்டு, திட்டம் பிற நாடுகளுக்கும் பரவியது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிபெருக்கியும் மைக்கும் சேர்ந்தன. பலகை வாங்காமலும் பழகிப் பார்க்கலாம்: மேக்கோட் தளத்தில் திரையிலேயே ஒரு மைக்ரோபிட் ஓடுகிறது, அதற்குக் கட்டணம் இல்லை.