தேரி மணலும் தடைப்பலகையும்: உடன்குடி வட்டாரத்து மிதிவண்டி வழிகளை வரைபடத்தில் பதிதல்

மின்வரைபடத்தில் ஒரு சாலைக்கு ‘பைசிக்கிள்=நோ’ என்ற குறிச்சொல்லை எழுதிவிட்டால், மிதிவண்டிக்கு வழி தேடும் மென்பொருள் பொதுவாக அந்தச் சாலையைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும். ஏன் தடை, யார் விதித்தது என்று அது கேட்பதில்லை. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இந்தக் குறிச்சொல்லின் பொருள் சட்டம் சார்ந்தது: இவ்வழியே மிதிவண்டியில் செல்ல உரிமை இல்லை. செல்வது கடினம் என்பதோ ஆபத்து என்பதோ அதன் பொருள் அன்று. இந்த எல்லை எங்கும் மீறப்படுகிறது. மீறினால் இழப்பு மிகுதியாகும் நிலம் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடி வட்டாரம்.

முதலில் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அது பேசுவது மோட்டார் வாகனங்களைப் பற்றி. மிதிவண்டி அவ்வரையறைக்குள் வராது. அதே சட்டத்தின் முதல் அட்டவணையிலோ சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் வரைந்த தடைக்குறி இருக்கிறது. ஆகவே இந்தியச் சாலையில் மிதிவண்டிக்குத் தடை என்றால் அதற்குத் தனி ஆணை ஒன்று இருந்தாக வேண்டும். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களோடு மோட்டார் இல்லா வண்டிகளும் விலக்கப்பட்டது அப்படியோர் அறிவிக்கையால். கொல்கத்தாவில் 2013இல் காவல்துறை 174 சாலைகளில் மிதிவண்டியைத் தடை செய்து, எதிர்ப்புக்குப் பின் எண்ணிக்கையைக் குறைத்தது. தடை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆணையும் நாளும் சாலைப் பெயரும் இருப்பதால் இவற்றை வரைபடத்தில் பதிவதில் ஐயம் எழுவதில்லை.

உடன்குடியில் வழியை மறிப்பது பெரும்பாலும் ஆணை அன்று, மணல். ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் குதிரைமொழித் தேரியும் அதன் கிளைகளும் செம்மணல் மேடுகளாகக் கிடக்கின்றன. கோடைக் காற்றில் மணல் இடம்பெயரும். மழைக்குப் பின் சில நாள் இறுகி, வண்டி ஓடும். பதநீர்க் காலத்தில் பனங்காட்டிலிருந்து பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்கும், விடிலியிலிருந்து கருப்பட்டி ஏறி உடன்குடிச் சந்தைக்கும் நடக்கும் போக்குவரத்தில் சைக்கிளுக்கு நெடுநாள் பங்குண்டு. பின்சட்டத்தில் கேன் கட்டியவர் இறுகிய தடத்தில் மிதிப்பார், புதையும் இடத்தில் இறங்கி உருட்டுவார், மறுபடி ஏறுவார். வெளியூரிலிருந்து மெல்லிய டயர் வண்டியில் வருபவருக்கு அதே தடம் வழியே அன்று. இருவரில் யார் வரைபடத்தைத் திருத்துகிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக வருபவர் மணலில் சிக்காமல் இருக்க ‘நோ’ என்று எழுதினால் என்ன என்று கேட்கலாம். நோக்கம் நல்லதுதான், கருவிதான் தவறு. தளத்தின் தன்மைக்குத் தனிக் குறிச்சொல் உண்டு. ‘மணல்’ என்று பதிந்தால் மென்பொருள் வேகத்தைக் குறைத்துக் கணக்கிடலாம், சுற்றுவழி காட்டலாம், உருட்டிச் செல்லும் நேரத்தையும் சேர்க்கலாம். மணல் என்ற தகவலிலிருந்து ‘தவிர்’ என்ற முடிவைப் பெற முடியும். ‘நோ’ என்பதிலிருந்து மணலைப் பெற முடியாது. அது தகவலை அழிக்கிறது, அடுத்து வருபவர் சரிபார்க்கவும் இடம் வைப்பதில்லை. தேரிக்குள் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பகுதிகளும் இருப்பதால், வனத்துறை விதித்த கட்டுப்பாடும் வெறும் மணலும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிடும் ஆபத்து இங்கு இரட்டிப்பு.

கண்மாய்க் கரைகள் வேறு வகை. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான திருவைகுண்டத்துத் தண்ணீர் சடையனேரிக் கால்வாய் வழியாக இந்த வறண்ட பக்கத்துக் குளங்களுக்கு வருகிறது. கரைகள் அரசுடையவை, அவற்றில் சைக்கிள் போவதை யாரும் தடுப்பதில்லை, உரிமை என்று எழுதித் தந்தவரும் இல்லை. உரிமையாளர் தடுக்காதவரை செல்லலாம் என்று பொருள்படும் ‘பெர்மிசிவ்’ என்ற குறிச்சொல் மதிப்பு இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது.

குலசேகரன்பட்டினம் தசராதான் உண்மையில் கடினமான கேள்வி. முத்தாரம்மன் கோயில் விழாவுக்கு லட்சக்கணக்கானோர் திரள்வதால் ஆண்டுதோறும் போக்குவரத்து திருப்பிவிடப்படுகிறது. சில நாள் மூடலைப் பதிய வேண்டாம் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வழக்கம். ஏனெனில் கைப்பேசியில் தரவிறக்கிய பழைய வரைபடத்தோடு பல மாதம் சுற்றுபவர்கள் உண்டு; மூடல் முடிந்த பின்னும் அவர்களுக்கு அது தடையாகவே தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது துண்டான சாலைகளுக்கு அந்த வழக்கம் பொருந்தும். தசரா அப்படியல்ல, தவறாமல் திரும்ப வருவது. நாள் குறித்த நிபந்தனைகளை எழுதும் இலக்கணத்தில் ஈஸ்டர் பண்டிகையைக் கணக்கிட வசதி உண்டு, நவராத்திரிக்கு இல்லை. விஜயதசமி 2023இல் அக்டோபர் 24, 2024இல் அக்டோபர் 12, 2025இல் அக்டோபர் 2. ஆண்டுதோறும் கையால் மாற்ற வேண்டும், அல்லது இலக்கணத்தை விரிக்க வேண்டும். நான் இரண்டாவதன் பக்கம். திருச்செந்தூர் சஷ்டிக்கும் அதுவே உதவும்.

இனி வரப்போவது பெரிது. கல்லாமொழிக் கரையில் உடன்குடி அனல்மின் திட்டம். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி நிலங்களில் 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோ ஏவுதளம். வேலி எழும் இடத்தில் பழைய தடங்கள் மறையும். ராக்கெட் ஏவும் நாட்களில் சுற்றுச்சாலைகள் மூடப்படுவதையும் எதிர்பார்க்கலாம். இவை உண்மையான தடைகள், பதியப்பட வேண்டியவை. வேலிக்கு முன்பே ஒரு தடம் வரைபடத்தில் ‘நோ’ ஆகியிருந்தாலோ, வரையப்படாமலே இருந்தாலோ, அங்கு ஒரு வழி மறிக்கப்பட்டது என்று பின்னால் காட்டச் சான்று இராது. மாற்றுவழி கேட்கும் பனைத் தொழிலாளியிடம் ‘இங்கு வழியே இருந்ததில்லையே’ என்று அலுவலகத்தில் சொல்ல இடமாகிவிடும்.

மாவட்ட நிர்வாகம் போக்குவரத்துத் தடை ஆணைகளைச் சாலைப் பெயர், வண்டி வகை, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவற்றோடு ஒரே இடத்தில் வெளியிட வேண்டும். அதுவரை இவ்வட்டாரத்தை வரைபவர்களிடம் ஒன்றே கேட்கிறேன்: ஆணை எண்ணோ பலகையின் படமோ இல்லாத ‘நோ’வைக் கண்டால் நீக்குங்கள்; அவ்விடத்தில் மணலா, நீரா, வேலியா என்பதை நேரில் பார்த்து எழுதுங்கள்; நீக்கிய காரணத்தையும் பார்த்த நாளையும் மாற்றக் குறிப்பில் பதியுங்கள்.