சேமிப்புச் செயலி: பணம் எங்கே இருக்கும், திறப்பு யாரிடம் இருக்கும்?

காலபோக நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில்தான் துணுக்காய்ப் பிரதேசத்து விவசாயக் குடும்பம் ஒன்றிடம் ஆண்டிலேயே கூடுதலான பணம் புழங்கும். உரக்கடைக் கடன், உழவுக்கூலி, அடைவு வைத்த நகையின் வட்டி எல்லாம் கழிந்த பின் மிஞ்சுவது கொஞ்சம். கிணறு கட்டுவதும், பிள்ளையின் உயர்தர வகுப்புச் செலவும், அரைகுறையாக நிற்கும் வீட்டுக்குக் கூரை போடுவதும் அந்தக் கொஞ்சத்தை நம்பியே இருக்கின்றன. அது வீட்டில் இருந்தால் இரண்டு மாதத்தில் கரைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இத்தகைய இலக்குகளுக்குச் சேமிக்க உதவும் கைத்தொலைபேசிச் செயலிகள் இன்று உலகெங்கும் உள்ளன. இலக்கின் பெயர், தேவையான தொகை, முடிக்க வேண்டிய நாள் ஆகியவற்றைப் பதிந்தால் கிழமைக்கு எவ்வளவு போட வேண்டும் என்று செயலி சொல்லும், நினைவூட்டும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றும் காட்டும். கணினி படித்த எமது இளைஞர்கள் பலரால் இதைச் செய்துவிட முடியும். ஆனால் வன்னியில் பயன்படும் செயலிக்கு இவை போதா. பணம் எங்கே இருக்கும், திறப்பு யாரிடம் இருக்கும், தொலைபேசி தொலைந்தால் என்ன மிஞ்சும் என்ற மூன்று கேள்விகளுக்கு அது முதலில் விடை சொல்ல வேண்டும்.

ஒருமுறை இழந்தவர்கள்

எமது மக்கள் சேமிக்கத் தெரியாதவர்கள் அல்லர். சீட்டு, மாதர் சங்கச் சேமிப்பு, சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், சமுர்த்தி வங்கி என்று பல வழிகளில் சேமித்தே வந்துள்ளனர். 1994 இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகத்தில் வன்னி மக்கள் பணம் வைப்பிலிட்டனர். நகைகளை அடைவு வைத்தனர். 2008 இல் துணுக்காய், மல்லாவிப் பகுதிகளில் இருந்து இடம்பெயர்ந்தவர்கள் கையில் எடுத்ததோடு கிழக்கு நோக்கி நகர்ந்தனர். 2009 மே மாதத்துடன் அந்த வைப்புகளும் நகைகளும் அவர்களுக்கு இல்லாமற் போயின. போரின் இறுதிக்கட்டத்தில் எடுக்கப்பட்டு இராணுவத்திடம் இருந்த நகைகளில் ஒரு தொகுதி 2025 மே மாதத்தில் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, எந்த நகை யாருடையது என்பதை எப்படி நிரூபிப்பது என்ற கேள்வியே முன்னுக்கு வந்தது.

சேமித்த பணத்தைப் போலவே, அது தனக்குரியது என்பதற்கான சான்றும் முக்கியம் என்பதே இதன் பாடம். கைத்தொலைபேசிக்குள் மட்டும் கணக்கை வைத்திருக்கும் செயலி, தொலைபேசி நீரில் விழுந்த அன்றே ஒன்றுமில்லாமல் போகும். எனவே ஒவ்வொரு வைப்புக்கும் குறுஞ்செய்தி வர வேண்டும். மாதம் ஒருமுறை அச்செடுத்து வைக்கக்கூடிய கணக்குக்கூற்று வேண்டும். புதிய தொலைபேசியிலும் அடையாள அட்டையைக் காட்டிக் கணக்கை மீளப் பெற முடிய வேண்டும்.

பணத்தைச் செயலி வைத்திருக்கக்கூடாது

இலங்கையில் பொதுமக்களிடம் வைப்பு வாங்க எல்லோருக்கும் உரிமை இல்லை. இலங்கை மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளும், 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளும் வைப்பு ஏற்கலாம். கூட்டுறவுச் சங்கங்களும் சமுர்த்தி வங்கிகளும் தமக்கென உள்ள வேறு சட்டங்களின் கீழ் இயங்குகின்றன. உரிமம் பெற்ற வங்கி அல்லது நிதிக் கம்பனி முறிந்தால் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. இலாபம் தருவதாகக் கூறும் யாரோ ஒருவரின் செயலிக்குள் போட்ட பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

ஆகவே நேர்மையான செயலி ஒரு கணக்குக் கொப்பியாகவே இருக்கும். பணம் சேமிப்பவரின் சொந்தப் பெயரில் வங்கியில் இருக்கும். செயலி அதை ‘கிணறு’, ‘படிப்பு’, ‘அவசரம்’ என்று பிரித்துக் காட்டும். செயலியை நடத்துபவர் நாளை காணாமற் போனாலும் வங்கிப் புத்தகத்தோடு போய்ப் பணத்தை எடுக்க முடியும்.

பூட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

பிலிப்பைன்சின் மின்டனாவோ தீவில் உள்ள கிராமிய வங்கி ஒன்று, தாமே வைத்த இலக்கை அடையும்வரை பணத்தை எடுக்க முடியாத கணக்கொன்றைத் தன் வாடிக்கையாளருக்கு வழங்கிப் பார்த்தது. 2006 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, கேட்கப்பட்டவர்களில் 28 வீதமானோர் அக்கணக்கை ஏற்றனர். ஓராண்டின் பின், இந்த வாய்ப்பு வழங்கப்பட்ட குழுவின் சேமிப்பு, வழங்கப்படாத குழுவோடு ஒப்பிடுகையில் 81 வீதம் உயர்ந்திருந்தது. தன் கையைத் தானே கட்டிக்கொள்ள விரும்புவோர் இருக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

கென்யாவில் மருத்துவச் செலவுக்கான சேமிப்புப் பற்றி நடத்தி 2013 இல் வெளியிடப்பட்ட ஆய்வு மறுபக்கத்தைச் சொல்கிறது. பூட்டுள்ள சாதாரணப் பெட்டியைத் திறப்போடு கொடுத்தபோது மக்கள் கூடுதலாகச் சேமித்தனர். திறப்பு வேறொருவரிடம் இருந்த பெட்டி அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. திடீரென நோய் வந்தால் காசை எடுக்க முடியாதே என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணம்.

இடப்பெயர்வை அறிந்த எமது மக்களுக்கு இரண்டாவது பாடமே கூடப் பொருந்தும். இலக்குக் கணக்கு ஒன்றும், எந்நேரமும் எடுக்கக்கூடிய அவசரக் கணக்கு ஒன்றும் அருகருகே இருக்க வேண்டும். இலக்குப் பணத்தையும் சில நாள் முன்னறிவித்தலோடு எடுக்க இடம் விட வேண்டும்.

கிழமைக் கணக்கா, போகக் கணக்கா?

மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துச் செய்த செயலி ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையைக் கேட்கும். வவுனிக்குளத்து நீரில் வயல் செய்பவருக்கு அறுவடைக்குப் பின் ஒரு பெருந்தொகையும், இடையில் கூலி கிடைக்கும் நாட்களில் சிறு தொகைகளும் போடும் முறையே சரிவரும். வரட்சியில் தவறிய தவணைக்குச் ‘தோற்றுவிட்டீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டாமல், நாளைப் பின்தள்ளிக் கணக்கிட வேண்டும்.

நினைவூட்டலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரு, பொலிவியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் செய்த பரிசோதனைகள், நினைவூட்டல் சேமிப்பைக் கூட்டும் என்றும், குறித்த செலவு ஒன்றை மனதுக்குக் கொண்டுவரும் செய்தி கூடுதலாக உதவும் என்றும் காட்டின. ‘சேமிக்கவும்’ என்பதை விட ‘கிணற்றுக்கு இன்னும் 12,000 ரூபா’ என்பது நல்லது.

இலங்கையிலேயே ஒரு வங்கி, கையடக்கக் கருவியோடு ஒவ்வொரு கிழமையும் வீடு தேடிச் சென்று வைப்பு வாங்கியது. இதை ஆராய்ந்தவர்கள், வைப்புக்கான பணத்தை மக்கள் கூடுதலாக உழைத்தே தேடினர் என்று கண்டனர். பாதுகாப்பாக வைக்க இடம் கிடைத்தால் உழைப்பும் கூடும். செயலியோடு நம்பகமான மனிதர் ஒருவரும் வேண்டும் என்பதும் இதில் அடங்கியுள்ளது.

கடன் இருந்தால் முதலில் கடன்

போருக்குப் பின் வன்னியில் நுண்கடன் பல குடும்பங்களைக் கிழமைக் கட்டுக்குள் தள்ளியது. 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறிய நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. ஆண்டுக்கு 35 வீத வட்டியில் 10,000 ரூபாக் கடன் ஓராண்டில் 3,500 ரூபாவைத் தின்னும். அதே தொகையை 8 வீத வட்டிக்கு வங்கியில் வைத்தால் கிடைப்பது 800 ரூபா. எனவே செயலியின் முதல் இலக்கு ‘கடனை முடித்தல்’ என்று இருக்க இடம் வேண்டும்.

விலையேற்றத்தையும் மறக்கக்கூடாது. 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ‘ஒரு இலட்சம்’ என்று இலக்கு வைத்தவர் அதை அடைந்தபோது கிணறு கட்டப் போதவில்லை. இலக்கைச் சீமெந்துப் பைகளிலும் கொத்தனார் கூலி நாட்களிலும் பதிந்து, போகத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்த வசதி இருந்தால் ஏமாற்றம் குறையும்.

ஒரே தொலைபேசி, பல கைகள்

ஒரு வீட்டில் ஒரே தொலைபேசியைத் தாய், பிள்ளைகள், உறவினர் எல்லோரும் எடுப்பர். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணின் மீதி திரையில் பளிச்சென்று தெரிந்தால், கைமாற்றுக் கேட்பவருக்கு மறுப்புச் சொல்வது கடினம். மீதி மறைந்திருக்க வேண்டும். இரகசிய இலக்கம் கொடுத்த பின்னரே தெரிய வேண்டும். வாசிக்கச் சிரமப்படும் முதியவருக்குத் தமிழில் குரல்வழி வேண்டும். சாதாரண பொத்தான் தொலைபேசிக்கும் குறுஞ்செய்தி போக வேண்டும்.

ஒரு செயலியை ஏற்றுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: என் பணம் எந்த உரிமம் பெற்ற நிறுவனத்தில், யார் பெயரில் இருக்கும்? இன்று எடுக்க வேண்டுமென்றால் எத்தனை நாளாகும்? என் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் ஏன் கேட்கிறது? வேறு ஆட்களைச் சேர்த்தால் காசு என்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் அது சேமிப்பு அல்ல, இலங்கைச் சட்டம் தடைசெய்த பிரமிட் வியாபாரமாக இருக்கலாம், விலகிவிடுங்கள். முதல் கேள்விக்குத் தெளிவான விடை இல்லையென்றால், மல்லாவியில் உள்ள வங்கிப் புத்தகமும் ஒரு எழுதுகொப்பியும் அந்தச் செயலியைவிட நல்லவை.