ஒரே புரதத்தைத் துரத்திய கோபில்கா

அமெரிக்க மருத்துவர் பிரையன் கோபில்காவின் ஆய்வு வாழ்க்கையில் பெரும்பகுதி ஒரே புரதத்தில் கழிந்தது. அது பீட்டா-2 அட்ரினலின் ஏற்பி. அட்ரினலின் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் தகவல் அனுப்பும் இந்தப் புரதம்தான் மூச்சுக்குழாய்த் தசையைத் தளரச் செய்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் உள்ளிழுக்கும் சால்பியூட்டமால் மருந்து வேலை செய்வதும் இதன் வழியாகத்தான்.

மருந்தை ஏற்கும் பொருள் ஒன்று செல்லில் இருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி 1905-லேயே எழுதிவிட்டார். அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரு வகை ஏற்பிகள் உண்டு என்று 1948-இல் ரேமண்ட் அல்குவிஸ்ட் வாதிட்டார். ஆனால் ஏற்பி என்பது கணக்குக்கு வசதியான கற்பனை என்றே பலரும் வெகுகாலம் நினைத்தனர். கதிரியக்கம் ஏற்றிய மூலக்கூறுகளை ஒட்டவைத்து, அது மெய்யான பொருள்தான் என்று நிறுவியவர்களில் முக்கியமானவர் டியூக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ்.

மின்னசோட்டா மாநிலத்தின் லிட்டில் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் 1955-இல் ரொட்டிக் கடைக் குடும்பத்தில் பிறந்த கோபில்கா, 1984-இல் லெஃப்கோவிட்ஸிடம் சேர்ந்தார். மெர்க் நிறுவன ஆய்வாளர்களுடன் இணைந்து அக்குழு 1986-இல் வெள்ளெலியின் பீட்டா-2 ஏற்பி மரபணுவைப் பிரித்தெடுத்தது. அதன் வரிசையைப் படித்தபோது வியப்பு காத்திருந்தது. கண்ணில் ஒளியை உணரும் ரோடாப்சினைப் போலவே இதுவும் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்கிறது! பார்வைக்கும் படபடப்புக்கும் ஒரே குடும்பத்துப் புரதங்கள் பொறுப்பு என்பது அன்றுதான் தெளிவாயிற்று. இக்குடும்பத்தில் மனிதருக்கு மட்டும் ஏறத்தாழ 800 உறுப்பினர்கள் உண்டு.

அடுத்த கட்டம்தான் கடினம். ஸ்டான்ஃபோர்டுக்கு மாறிய கோபில்கா, ஏற்பியின் முப்பரிமாண வடிவத்தைப் பார்க்க விரும்பினார். அதற்குப் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் பாய்ச்ச வேண்டும். ஏற்பியோ செல்லில் மிகச் சொற்பமாகவே கிடைக்கும். சவ்வை விட்டு வெளியே எடுத்தால் குலைந்துவிடும். ஒரு நிலையில் நில்லாமல் அசைந்துகொண்டும் இருக்கும். பூச்சி செல்களில் வளர்த்து அளவைப் பெருக்கினார்கள். ஆண்டுகள் ஓடின, படிகம் வரவில்லை. 2003-இல், அதுவரை கிடைத்துவந்த ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் நிதியும் நின்றது.

2007-இல் இரண்டு உபாயங்கள் பலித்தன. ஒன்று, அசையும் பகுதியை எதிர்ப்புரதத் துண்டால் பிடித்து நிறுத்துவது. மற்றது, அப்பகுதியை வெட்டிவிட்டு அங்கே எளிதில் படிகமாகும் லைசோசைம் என்ற நொதியைப் பொருத்துவது. இப்படிக் கிடைத்த வடிவங்களும், உலகின் எல்லாப் புரத வடிவங்களையும் போல, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் குழு 1963-இல் வெளியிட்ட வரைபடத்தை வைத்துச் சரிபார்க்கப்படுபவைதான். 2011-இல் ஏற்பியும் அது தூண்டும் ஜி புரதமும் கைகோத்திருக்கும் வடிவமே கிடைத்தது. லாமாவின் உடலில் உருவான குட்டி எதிர்ப்புரதம் ஒன்று அந்தக் கூட்டைக் கலையாமல் காத்தது. ஏற்பி விழிக்கும்போது சவ்வை ஊடுருவும் அதன் ஏழு சுருள்களில் ஆறாவதன் உள்முனை ஒரு நானோமீட்டருக்கும் மேல் வெளிநோக்கி நகர்வது அதில் தெரிந்தது. மறு ஆண்டே லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் வேதியியல் நோபல் பரிசு வந்தது.

வடிவம் கிடைத்ததும் கணினிக்கு வேலை வந்தது. மூலக்கூறுகளைப் புரதக் குழியில் பொருத்திப் பார்க்கும் 'டாக்' என்ற நிரலை சான் பிரான்சிஸ்கோவில் இர்வின் குன்ட்ஸ் குழு 1982-லேயே எழுதியிருந்தது; அன்று ஏற்பியின் குழி எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 2009-இல் அதே நகரின் பிரையன் ஷோய்செட் குழு ஏறக்குறைய 10 லட்சம் மூலக்கூறுகளை பீட்டா-2 ஏற்பியில் கணினியிலேயே பொருத்திப் பார்த்து, 25-ஐ மட்டும் ஆய்வகத்தில் சோதித்தது. ஆறு ஒட்டின. அடுத்து, அதே குடும்பத்தைச் சேர்ந்த, மார்பின் ஒட்டும் மியூ ஏற்பி. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைச் சலித்து, தேறியவற்றில் ஒன்றைச் செப்பனிட்டு, 2016-இல் பி.இசட்.எம்.21 என்ற வலி நிவாரணி வேட்பாளரை ஷோய்செட்டும் கோபில்காவும் தம் சகாக்களுடன் அறிவித்தனர். மார்பினைப் போல மூச்சை அடக்காது என்பதே அதன் மீதான நம்பிக்கை. 2018-இல் வேறொரு குழு எலிகளில் சோதித்தபோது அதுவும் மூச்சை அடக்கியது. மூலக்கூறு குழியில் ஒட்டுமா என்பதைக் கணினி ஓரளவு சொல்லிவிடுகிறது. ஒட்டியபின் உடல் என்ன செய்யும் என்பதை இன்னமும் உயிருள்ள உடலில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.