ஊசியும் மின்சாரமும்

இரத்தக் கொதிப்பு உடையோர் இல்லாத தெரு இன்று அரிது. 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கியபின், சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து அழுத்தம் அளப்பதை மதுரையை அடுத்த ஆனையூர் போன்ற ஊர்களின் மாணவர்களும் அறிவர். “ஊசி குத்தி மின்சாரம் பாய்ச்சினால் மாத்திரையே வேண்டாமாமே?” என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. இக்கேள்விக்கு நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

ஊசி வைத்தியமாகிய அக்குபங்சர் சீனத்தில் பிறந்தது. அதனுடன் மின்சாரம் கூடியதோ பிரான்சில். ஊசியின்மேல் மின்சாரத்தைச் செலுத்தலாம் என்று 1816-இல் எழுதியவர் லூயி பெர்லியோஸ் என்ற மருத்துவர். (இசைமேதை ஹெக்டர் பெர்லியோஸின் தந்தை இவரே.) சார்லாந்தியேர் என்பவர் அவ்வாறே சிகிச்சை செய்து, 1825-இல் நூலும் வெளியிட்டார். அவர் கருதியவை வாத நோயும் நரம்பு நோயுமே. இரத்தக் கொதிப்பை அவர் எண்ணியிருக்க இயலாது; கையில் பட்டை கட்டி அதனை அளக்கும் கருவியை இத்தாலியர் ரிவா-ரோச்சி அமைத்தது 1896-இல் அன்றோ? அளவை இல்லாத இடத்தில், குறைந்தது என்றோ கூடியது என்றோ எவரும் சொல்ல முடியாது.

நம் நாட்டுக்கு இவ்வைத்தியம் வந்த வழி உருக்கமானது. ஜப்பானோடு போரிட்ட சீனத்துக்கு 1938-இல் காங்கிரஸ் மகாசபை ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களுள் கோட்னீஸ் 1942-இல் அங்கேயே உயிர் நீத்தார். மற்றொருவரான கல்கத்தா பிஜய் குமார் பாசு தாயகம் திரும்பினார். 1958-இல் மீண்டும் சீனம் சென்று ஊசி வைத்தியம் பயின்று, மறு ஆண்டு கல்கத்தாவில் அதனைத் தொடங்கினார். ஏறத்தாழ அக்காலத்திலேயே சீன மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையில் வலி தோன்றாதிருக்க ஊசியோடு மின்சாரத்தையும் கையாளலாயினர்.

இரத்தக் கொதிப்புக்கு வருவோம். ஊசிகளின் வழியே செல்லும் மெல்லிய மின்சாரம் நரம்புகளைத் தூண்டுகிறது. அத்தூண்டுதல் மூளையின் அடித்தண்டை எட்டி, இரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புகளின் வேகத்தைத் தணிக்கிறது என்பது கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கருத்து. அவர்கள் 65 நோயாளிகளை இரு பிரிவாக்கி, இரு பிரிவினர்க்கும் வாரம் ஒருமுறை, எட்டு வாரம் சிகிச்சை செய்தனர். ஊசி குத்திய இடங்கள் மட்டுமே வேறு. 2015-இல் வெளியான முடிவின்படி, மணிக்கட்டின் உட்புறமும் முழங்காலுக்குக் கீழும் குத்தப்பட்ட 33 பேரில் நூற்றுக்கு எழுபது பேர்க்கு மேல் அழுத்தம் ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் வரை இறங்கிற்று. மற்றப் பிரிவில் அவ்விறக்கம் காணப்படவில்லை.

நல்ல செய்திதான். எனினும், 1744 பேரை உட்கொண்ட 22 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்த காக்ரேன் குழுவினர், அக்குபங்சரால் அழுத்தம் நிலையாகத் தணிவதற்குச் சான்று இல்லையென 2018-இல் எழுதினர்.

மாத்திரையை விடலாமா என்ற கேள்விக்கு இர்வைன் சோதனையில் விடை தேடுவது வீண். அங்கு வந்த அறுபத்தைவரும் அப்போது மாத்திரை உண்ணாதவர்கள். கொதிப்பும் கடுமையாக இல்லாதவர்கள்.