டின் மாவும் அடுப்படிச் சாப்பாடும்

இராணுவ அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மெலிந்த உடம்பை நினைத்துக் கவலைப்படும் பிலிமத்தலாவை இளைஞனுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, எடை கூட்டுவதற்கென்றே விற்கப்படும் ‘மாஸ் கெய்னர்’ டின். மற்றது, வீட்டு அடுப்படி. இரண்டாலும் எடை ஏறும். ஏறுவது தசையா கொழுப்பா என்பதுதான் கேள்வி.

முதலில் தேவையின் அளவு. 168 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உள்ளவனின் உடற்திணிவுச் சுட்டி 17.7. மெலிவின் எல்லையான 18.5ஐத் தொட அவனுக்கு வேண்டியது 2 கிலோவுக்குச் சற்று மேல். வாரம் கால் கிலோ ஏறினால் இரண்டு மாதத்தில் சரியாகிவிடும். அவசரப்பட இதில் ஒன்றுமில்லை.

அவசரத்தில் எடையை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற படம் உண்டு. 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில், புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இருவருக்கும் சுட்டி 22.3தான். உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிந்தாலும் தசை குறைந்து கொழுப்பு மிகுவது தெற்காசிய உடம்பில் பரவலாகக் காணப்படும் இயல்பு. தராசு இதைக் காட்டாது. முதுகில் சுமையோடு மலையேறும்போது மூச்சு காட்டிக்கொடுக்கும்.

இனி டின். பெரிய டின்களில் ஒருவேளை அளவே 300 கிராமைத் தாண்டுவதுண்டு. அதில் 1250 கலோரியும் 50 கிராம் புரதமும் இருக்கும். மீதியில் பெரும்பங்கு மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாச்சத்து. அதாவது 100 கலோரிக்கு 4 கிராம் புரதம்.

அடுப்படிக்கு வருவோம். ஒரு கோப்பை அவித்த பயறு, மேலே கொஞ்சம் தேங்காய்ப்பூ, இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். ஏறக்குறைய 525 கலோரி, 27 கிராம் புரதம். 100 கலோரிக்கு 5 கிராம். வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல் இதைச் சேர்த்தாலே நாளுக்கு வேண்டிய மேலதிகக் கலோரி கிடைத்துவிடும். சோற்றோடு நெத்தலிக் கருவாடும் பருப்பும் இருந்தால், 50 கிலோ உடம்பு தசை வளர்க்கத் தேவையான 80 கிராம் புரதத்தை எட்டுவதும் கடினமல்ல. புரதத்துக்காகத்தான் டின் வாங்குகிறேன் என்பவரின் வாதம் இந்தக் கணக்கில் அடிபட்டுப்போகிறது.

டின்னுக்கும் ஒரு நியாயம் உண்டு. பசியே எடுக்காதவனுக்கு மெல்வதைவிடக் குடிப்பது எளிது. அப்படிப்பட்டவன் கால் அளவைப் பாலில் கரைத்து, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடையே குடிக்கலாம். சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால்தான் பிழை. உடம்பு ‘போட’ வைக்கும் என்று கைமாறும் குளிசைகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது. அவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் முகம் ஊதும், தசை கரையும். வயிறாரச் சாப்பிட்டும் எடை ஏறாதவன் போகவேண்டியது மருத்துவரிடம்.

இரண்டு வழிக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றிருக்கிறது. தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் பயறும் முட்டையும்கூட வயிற்றில்தான் தங்கும். இதில் பிலிமத்தலாவைக்காரனுக்கு அதிர்ஷ்டம். தவுலகல வீதியில் கடலாதெனிய விகாரை வரை, தெம்பிருந்தால் லங்காதிலக, எம்பெக்கே வரை, ஏற்ற இறக்கமாகவே நடக்கலாம். பையில் முதல் வாரம் 5 கிலோ போட்டு, பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். வாரத்தில் மூன்று நாள் தண்டால், குந்தி எழுதல், கம்பியில் தொங்கி மேலெழுதல்.

கடைசி ஒப்பீடு பயிற்சி முகாமில் நடக்கும். அங்கே எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே கறி, ஒரே மணி. டின்னை நம்பி ஏற்றிய எடை, டின் நின்றதும் இறங்கத் தொடங்கும். நிறையச் சாப்பிட்டு, சுமந்து நடந்து, நேரத்துக்குத் தூங்கப் பழகியவனுக்கு முகாமில் புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டியது குறைவு. ஆகவே அடுப்படிதான் முதல் வழி. டின், பசி இல்லாதவனுக்கு மட்டும் ஒரு துணை.