தொண்டியிலிருந்து யூட்யூப் வரை

யூட்யூபில் ‘தன்னம்பிக்கை’ன்னு தட்டினா வந்து கொட்டுது பாருங்க... காலையில நாலு மணிக்கு எழுந்திரு, இருபத்தோரு நாளில் ஆளே மாறிடு, பின்னணியில் தடதடன்னு டிரம்ஸ், நடுநடுவே கலாம் படம். இதில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? விடைக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். பாதி விடை எங்க இராமநாதபுரம் கடற்கரையிலேயே இருக்கு. கொஞ்சம் சரித்திரம் பேசிட்டு அங்கே வருவோம்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம். வேலைக்குப் போகும் இளைஞர்கள் சில பேர் ராத்திரியில் கூடி, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஆரம்பித்தார்கள். ஆள் கூடக் கூட இடம் பத்தாமல், ஒரு காலத்தில் காலரா ஆஸ்பத்திரியாக இருந்த அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். அவங்க கூப்பிட்டதால் 1845ல் போய்ப் பேசியவர் சாமுவேல் ஸ்மைல்ஸ். அந்தப் பேச்சுகள் வளர்ந்து 1859ல் ‘செல்ஃப் ஹெல்ப்’ என்ற புத்தகமாச்சு. முதல் வருஷமே 20,000 பிரதி வித்தது. கவனிக்க வேண்டியது என்னன்னா, பையன்கள் முதலில் படிக்க ஆரம்பித்தார்கள், பேச்சாளர் அப்புறம்தான் வந்தார்.

தமிழில் இந்த வகை எழுத்துக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் நம்ம தொண்டிக்காரர். 1922ல் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம். ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘முன்னேறுவது எப்படி’, ‘உன்னை வெல்க’, ‘கவலைப்படாதே’ன்னு வரிசையாக எழுதினார். இஸ்லாமியக் கலைக்களஞ்சியமும் அவர் உழைப்புதான். அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கு. ஆனா எங்க பக்கத்துப் பசங்களிடம் கேட்டா, தொண்டின்னா மீனும் கடலும்தான் தெரியும்.

புத்தகம் எப்போ குரலாச்சு? 1956ல் அமெரிக்காவில் ஏர்ல் நைட்டிங்கேல் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்சி வைத்திருந்தார். ஊரில் இல்லாத நேரத்தில் தன் விற்பனை ஆட்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு பேச்சைப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கும் மேல் வித்தது. இன்றைய வீடியோவுக்கு அதுதான் தாத்தா. பேசுகிறவர் எதிரில் இல்லாமலே பேச்சு மட்டும் வந்தது.

இப்போ கலாம். ராமேஸ்வரத்தில் அஞ்சாம் வகுப்பு. ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவையை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியலைன்னு சொன்னார் சிறுவன் கலாம். மற்ற பையன்களுக்கும் அதே கதிதான். ஐயர் கோபப்படவில்லை. சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பறக்கிற பறவைகளையே காட்டினார். தன் வாழ்க்கையின் திசையே அங்கேதான் முடிவானது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கார்.

அதே கலாம் 1953ல், சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் ‘லைட் ஃப்ரம் மெனி லேம்ப்ஸ்’ என்ற புத்தகத்தை வாங்கினார். லிலியன் வாட்சன் தொகுத்தது. அந்த ஒரே புத்தகத்தை ஐம்பது வருஷத்துக்கும் மேல் திரும்பத் திரும்பப் படித்தார். மூர் மார்க்கெட் 1985ல் எரிந்தே போச்சு, அந்தப் புத்தகம் மட்டும் அவரோடயே இருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கிட்ட அளவுகோல் மூணு. ஒண்ணு, வீடியோ முடிந்ததும் செய்ய ஒரு வேலை இருக்கணும். லீட்ஸ் பையன்கள் மாதிரி, வேலையை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் இன்னும் நல்லது. ரெண்டு, ஒரு மாசம் கழித்துத் திரும்பப் பார்த்தாலும் ஏதாவது கிடைக்கணும். மூணு, ‘புரியலை’ன்னு சொன்னா காதில் வாங்க ஒரு ஆள் வேணும். வீடியோவுக்கு அந்தக் காது கிடையாது, அதனால அந்த ஆளை நாமதான் தேடிக்கணும்.

மூணாவதுதான் பெரிய விஷயம். எங்க பக்கம் டிகிரி முடிச்சிட்டு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற தம்பிகள் நிறைய. வளைகுடாவுக்கு விசா வருமா, அரசுத் தேர்வில் பாஸ் ஆவோமான்னு ராத்திரி தூக்கம் இல்லாமல் இந்த வீடியோக்களைத்தான் பார்க்கிறாங்க. வேலை கிடைக்கலைன்னா ‘உன் எண்ணம் சரியில்லை’ன்னு ஒரு குரல் சொல்லுது. ஏற்கெனவே நொந்திருக்கிறவனுக்கு அது இன்னொரு அடி. கூடவே ‘என் கோர்ஸில் சேர்’ன்னு ஒரு லிங்க். அவன் கடன் வாங்கிக் கட்டுகிற பணம் அவங்க அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்ததாகவும் இருக்கலாம்.

வீடியோ பார்க்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். எக்செல் சொல்லித்தர்ற வீடியோ, இங்கிலீஷ் பேசப் பழக்குற வீடியோ, கணக்கு போட்டுக் காட்டுற வீடியோ எல்லாம் என்னைப் பொறுத்தவரை சுயமுன்னேற்றம்தான். அதில் ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. கூடவே ரெண்டு நண்பர்களைச் சேர்த்துக்கிட்டு, வாரம் ஒரு சாயங்காலம் உட்காருங்க. இடம் இல்லைன்னா கடற்கரை இருக்கே, வாடகை கிடையாது.